குறுக்கே மாட்டிய பெல்ட்

என் அத்தையின் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். சட்டைக்கு அளவெடுக்கும் தையல்காரி ஒரு தோளை மட்டும் அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டப் போனால், "இன்னொண்ணையும் அளந்துக்கோ. ரெண்டும் அக்கா தங்கச்சிதான், ஆனா ஒரே உயரமில்ல" என்பாள். இருபத்திரண்டு வருடம் தையல் மிஷின் தலைகளை அந்தத் தோளில் வைத்துச் சுமந்ததால் வந்த இறக்கம் அது. வலது கை கருவிப் பைக்கு, இடது தோள் மிஷினுக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டாளாம். அப்புறம் மாற்றவே இல்லை.

அத்தையும் மாமாவும் குடியிருப்பது, மூடிப்போன நூற்பாலை ஒன்றின் பழைய குடியிருப்பில். சுற்றுச்சுவருக்குள் எட்டுக் கட்டடங்கள். நான்கு கீழே, நான்கு மேட்டின் மேலே. இரண்டையும் இணைக்க ஒரு சிமெண்ட் ஏற்றம், நடுவில் ஒரு வளைவு. மேல் கட்டடங்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் தையல் மிஷின் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வெட்டிய துணிகளை வாங்கி வந்து பெண்கள் வீட்டிலேயே தைக்கிறார்கள். மிஷின் நின்றால் அந்த வீடு நின்ற மாதிரி. உடனே ஜன்னலிலிருந்து ஒரு குரல் கீழே வரும்: "மிஷின் அக்கா!"

சின்னக் கோளாறை அங்கேயே சரிசெய்துவிடுவாள். பெரிய கோளாறு என்றால் தலையைக் கழற்றித் தோளில் ஏற்றி, கீழ்க் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும் தன் பட்டறைக்குக் கொண்டுவருவாள். வீட்டு மிஷினின் தலை பன்னிரண்டு கிலோ. தொழிற்சாலை மிஷினின் தலை முப்பது கிலோ. பட்டறை என்பது முன்பு சைக்கிள் நிறுத்திய அறை. ஒரு நீள மேசை, ஒரு குண்டு பல்பு, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பெல்ட்டுகள், டப்பா டப்பாவாகத் திருகாணிகள். ஒவ்வொரு டப்பாவின் மேலும் என்ன இருக்கிறதென்று எழுதாமல், உள்ளே இருப்பதில் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே கோபத்தில்தான். கல்யாணமான முதல் வருடம் மிதி மிஷினில் தையல் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் தோல் பெல்ட் அறுந்தது. புதிதாக ஒன்று வாங்கி அவளே மாட்டினாள். மிதித்தால் மிஷின் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் சிக்கிச் சிக்கி அறுந்தது. மெக்கானிக் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று பதினோராம் நாள் வந்தார். மிஷினைப் பார்த்தார், பெல்ட்டைக் கழற்றினார், திருப்பி மாட்டினார், போய்விட்டார். அத்தை பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே மாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"அரை நிமிஷ வேலைடி. அதுக்குப் பதினொரு நாள் என் மிஷின் தூங்கிச்சு" என்று இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். அந்த மெக்கானிக்கின் கடைக்கே போய், அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் இரண்டு வருடம் எதிரே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். பெல்ட்டைக் குறுக்கே மாட்டிவிட்டு வந்து நிற்பவர்களை இன்றுவரை அவள் சும்மா விடுவதில்லை. திட்டிவிட்டுத்தான் சரிசெய்வாள். கூலி மட்டும் வாங்கமாட்டாள்.

போன வருடம் ஒரு காலையில், முப்பது கிலோத் தலையோடு ஏற்றத்தின் வளைவில் இறங்கும்போது தோளுக்குள் ஏதோ 'பட்'டென்றது. மிஷினை அவள் கீழே போடவில்லை. சுவரோடு சாய்ந்து, முதுகால் வழுக்கி வழுக்கி உட்கார்ந்து, மடியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கத்தினாள். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. நான்கு மாதம் கழித்து மருத்துவர் சொன்னார்: சாப்பிடலாம், தலை சீவலாம், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கலாம். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்குவது, வெடுக்கென்று எதையும் இழுப்பது, பாரம் சுமப்பது, ஏற்றத்தில் கைவண்டி தள்ளுவது எதுவும் கூடாது.

மேல் கட்டடத்துப் பெண்கள் முதலில் தாங்களே இரண்டு பேராகத் தலைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆனால் இறங்கி ஏறும் நேரத்தில் நான்கு சட்டைக்குக் கழுத்து வைத்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள்ளிருந்து வேறு மெக்கானிக்கைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் வர ஒரு வாரம் ஆகும், ஆனால் வாசலுக்கு வருவார்.

அப்போது நான் ஒரு தேர்வுக்குப் படிக்க அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். ஜன்னலில் நின்றால் பின்முற்றத்துக்கு அப்பால் பட்டறையின் திறந்த கதவும் உள்ளே மேசையும் தெரியும். எப்போதும் ஐந்தாறு தலைகள் வரிசையாகக் கிடக்கும் மேசையில் ஒரு தேநீர் டம்ளர் மட்டும் இருந்ததை நான் அங்கிருந்துதான் பார்த்தேன்.

அந்த வாரம் ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்தார். பழகிய மனிதர். பித்தான் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகிறது என்றார். தைத்த சட்டைகளில் பித்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளும் வேலை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் பட்டறையை மூடிவிட வேண்டியதுதான், இரண்டும் நடக்காது.

"நல்லாத்தானே இருக்கு? உக்காந்த வேலை. தலைக்கு மேல மின்விசிறி" என்றார் மாமா.

"இருபத்திரண்டு வருஷமா மிஷினோட பேசிட்டு இருந்தவ நான். இனிமே பித்தானோட கண்ணாமூச்சி ஆடணுமா?"

"பித்தான் எதிர்த்துப் பேசாதும்மா. என்னை மாதிரி."

அத்தை சிரிக்கவில்லை.

மாமாவுக்கு நகராட்சியின் பூங்காப் பிரிவில் மரம் வெட்டும் வேலை. இது நடந்து இரண்டு நாள் கழித்து ஒரு பவர் ரம்பத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். மரத்தை அறுக்கையில் கிளை முறிந்து அதன் மேலேயே விழுந்து, சங்கிலி ஓடும் தகடு வளைந்து, கைப்பிடி நொறுங்கிவிட்டதாம். கிடங்கில் கழித்துக்கட்டி, வேண்டுமென்றால் எடுத்துப்போ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆகும் என்று கொண்டுவந்திருந்தார்.

அத்தை அதைப் புரட்டிப் பார்த்தாள். துடைத்தாள். காலால் அமுக்கிக்கொண்டு, என்ஜினைக் கிளப்பும் கயிற்றை வலது கையால் இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அது கத்திக்கொண்டு எழுந்தது. மேசையில் இருந்த திருகாணியெல்லாம் நடனமாடின.

"ஏங்க, உயிரோட இருக்கிறவனத் தூக்கிட்டு வந்து பொணம்னு சொல்றீங்களே!"

"கையும் காலும் போனவன்மா அவன்."

"எனக்கும் ஒரு கை போச்சு. நான் பொணமா?"

மறுநாள் காலை ஆலையின் பழைய மூன்று சக்கரச் சரக்கு சைக்கிள், பின்சுவரோரக் களைச்செடிகளுக்குள்ளிருந்து வெளியே வந்தது. பின்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் பெட்டி. முன்னால் ஒரு சக்கரம். தோள் சுமந்த தலைகளை இனி இந்த வண்டி ஏற்றத்தில் சுமக்கட்டும் என்று, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே, தாழ்வாக, ரம்ப என்ஜினை வைக்கப் போவதாக அத்தை சொன்னாள். பின்னால் பெட்டிக்கடியில் வைத்தால்தான் நல்லது என்று மாமா சொல்லிப் பார்த்தார். "ஓடுறப்ப கண்ணால பாக்க முடியாத மிஷின நான் தொடமாட்டேன்" என்று முடித்துவிட்டாள்.

முதல் சிக்கல் வேகம். தெருக்கோடிக் கடைசல் பட்டறைக்காரருக்குக் காது மந்தம், அதனால் மற்றவர்களுக்கும் மந்தம் என்று நினைத்துப் பேசுவார். என்ஜினைக் கையில் வாங்கியதும் சத்தம் போட்டார்: "தங்கச்சி! இது நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்தும்! நேரா சக்கரத்துல மாட்டினா நீ மேல் கட்டடத்துக்கு இல்ல, மேலோகத்துக்கே போயிருவ!"

"வேகத்தக் குறைக்க என்கிட்ட ஆள் இருக்குண்ணே" என்று அத்தையும் சத்தம் போட்டாள்.

ஆள் என்றது மிதி மிஷினின் பெரிய இரும்புச் சக்கரத்தை. மிதி மிஷினில் பெரிய சக்கரம் சின்னதைச் சுழற்றும், ஊசி பறக்கும். இங்கே தலைகீழ்: என்ஜினில் சின்னக் கப்பி, அதிலிருந்து தடித்த தோல் பெல்ட் பெரிய சக்கரத்துக்கு. சின்னது பெரியதைச் சுழற்றினால் வேகம் குறையும், வலு கூடும். பெரிய சக்கரத்தின் அச்சிலிருந்து சைக்கிள் சங்கிலி பின்னால் போய்ப் பின்சக்கரங்களைச் சுழற்றும். கப்பியைக் கடைசல்காரர் செய்து கொடுத்தார். பற்றவைக்கும் வேலையை மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தார்.

மற்றதெல்லாம் அத்தையின் சுவரிலிருந்தும் டப்பாக்களிலிருந்தும் இறங்கியவை. தொழிற்சாலை மிஷினில் துணியை அமுக்கும் பாதத்தை முழங்காலால் தள்ளித் தூக்க ஒரு கம்பி இருக்கும். அதுதான் வண்டிக்கு வேகம் கொடுப்பது. வலது முழங்காலை வெளிப்பக்கம் தள்ளினால் என்ஜின் உறுமும். பிரேக்குக்கு மிதி மிஷினின் மிதிபலகை.

"கை ரெண்டும் துணியப் பிடிக்கணும். மத்ததெல்லாம் காலு பாத்துக்கும். மிஷின் முன்னாடி உக்காந்த எவளுக்கும் இது தெரியும்" என்றாள்.

என்ஜினை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் மட்டும் அவளுக்குத் தேர்வு இருக்கவில்லை. ரம்பத்தின் இழுகயிறு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். ரம்பத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தால் அது இடப்பக்கம். அத்தையின் இடது கையால் கயிற்றை இழுக்க முடியாது. அதனால் என்ஜினை அப்படியே அரைவட்டம் திருப்பி, கயிறு வலப்பக்கம் வரும்படி பொருத்தினார்கள்.

நான்காவது வாரம் பின்சக்கரங்களைச் செங்கல் மேல் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம். அத்தை இருக்கையில் அமர்ந்து கயிற்றை இழுத்தாள், முழங்காலைத் தள்ளினாள். கால்களுக்கு நடுவே பெரிய சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தின் மேல்விளிம்பு அவளை நோக்கி, அவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

"சரியாச் சுத்துது" என்றாள். முகத்தில் அப்படியொரு திருப்தி.

ஒரு குறை மட்டும் தெரிந்தது. மாமா மிதிபலகையைக் காலால் மெதுவாக அமுக்கியதும் பெரிய சக்கரம் நின்றது, பெல்ட் சின்னக் கப்பியின் மேல் வழுக்கியது. தோல் பொசுங்கும் வாடை.

"ஏத்தத்துல பாரத்தோட இப்படித்தான் வழுக்கும்" என்றார் மாமா.

அத்தை பெல்ட்டில் மெழுகு தேய்த்துப் பார்த்தாள். இறுக்கிப் பார்த்தாள். ரொம்ப இறுக்கினால் என்ஜினே மூச்சுத் திணறி நின்றது. "முதல்ல சமதரையில ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டாள்.

குடியிருப்புக்குள் எந்த வண்டி ஓட்டினாலும் சங்கச் செயலாளரின் அனுமதி வேண்டும். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். தண்ணீர் நின்றாலும் வந்தாலும் ஒரு தாள் ஒட்டுவார் என்பதால் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பெயர். அத்தை மனு கொடுத்ததும் சனிக்கிழமை மாலை கையில் குறிப்பேட்டோடு பின்முற்றத்துக்கு வந்து நின்றார். கீழ்க் கட்டடத்தில் பாதிப் பேர் பால்கனியில் கூடிவிட்டார்கள். முற்றத்தின் குறுக்கே கொடியில் செயலாளர் வீட்டுப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

அத்தை உட்கார்ந்தாள். கயிற்றை இழுத்தாள். எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு முழங்காலைத் தள்ளினாள்.

வண்டி பின்னால் போனது.

ஓட்டுபவருக்கு அது உடனே புரிவதில்லை போலிருக்கிறது. முன்னால் போகவில்லையே என்று அத்தை முழங்காலை இன்னும் தள்ளினாள். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போய், முதல் விரிப்பைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு, இரண்டாவதைப் போர்த்திக்கொண்டு, துணி துவைக்கும் கல்லில் இடித்து நின்றது. விரிப்புக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது: "சக்கரம் சரியாத்தானே சுத்துச்சு!"

செயலாளர் மெதுவாக நடந்து வந்தார். "அம்மா, வண்டி எந்தப் பக்கம் போகணும்?"

"முன்னாடிதான் சார்."

"அப்ப இது என்ன?"

"பெரியவங்களுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு, மரியாதையாப் பின்வாங்குது சார்" என்றார் மாமா.

பால்கனிகள் சிரித்தன. செயலாளர் சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் படவில்லை. குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார். "அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. ஏற்றத்துல. ரெண்டு மிஷின் தலை பெட்டியில இருக்கணும். நான் கை காட்டுற இடத்துல நிறுத்தணும், நிறுத்தின இடத்துலேருந்து மறுபடி ஏறணும். பிள்ளைங்க விளையாடுற பாதை அது, உருண்டு வந்தா யார் பதில் சொல்றது? முடியலைன்னா வண்டிய இடத்த விட்டு எடுத்துருங்க." மறுநாள் காலை எல்லா மாடிப்படியிலும் அது தாளாக ஒட்டப்பட்டிருந்தது. தொழிற்சாலைக்குப் பதில் சொல்லவேண்டிய திங்கட்கிழமை, அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளுக்கு மறுநாள்.

தப்பு எங்கே என்று அத்தைக்கு அன்றே தெரிந்துவிட்டது. தையல் மிஷினின் சக்கரம் எப்போதும் தைப்பவளை நோக்கித்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும். இருபத்திரண்டு வருடமாக அவள் கண் அதைத்தான் 'சரி' என்று படித்திருக்கிறது. ஆனால் முன்னால் உருளும் சக்கரத்தின் மேல்விளிம்பு, உட்கார்ந்திருப்பவளை விட்டு விலகிப் போக வேண்டும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம், மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. பின்சக்கரங்களைப் பெட்டி மறைத்திருந்தது. நாங்களும் அத்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்ஜினைத் திருப்பி வைத்தால் வண்டி முன்னால் போகும். ஆனால் கயிறு இடப்பக்கம் போய்விடும். அத்தை இடது கையால் இழுத்துப் பார்த்தாள், கண்ணில் நீர் கட்டியது. வலது கையைக் குறுக்கே நீட்டினால் கயிறு பாதிதான் வந்தது. நெஞ்சு சூடான புகைக்குழாயில் பட்டது.

"நான் இழுத்து விடுறேன்மா" என்றார் மாமா.

"நீங்க காலைல ஆறு மணிக்கு மரம் வெட்டப் போயிருவீங்க. நான் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வண்டிய நிறுத்தி மிஷின ஏத்துவேன். அங்கெல்லாம் வந்து இழுத்து விடுவீங்களா?"

கடைசல்காரர் பல்சக்கரம் வெட்டித் திசையை மாற்றலாம் என்றார். மூன்று வாரம் ஆகும் என்று தெருவே கேட்கும்படி சொன்னார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அத்தை வண்டியின் பக்கமே போகவில்லை. பட்டறைச் சுவரிலிருந்து பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, தூசி தட்டி, நீளவாரியாகச் சுருட்டிக் கட்டினாள். யாருக்காவது கொடுப்பதற்கு அடுக்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது. மாமாவும் அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்த வேடிக்கையை விழுங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். இரவுச் சாப்பாட்டில், "பித்தான் பிரிவுக்குக் கண்ணாடி தேவைப்படுமோ என்னவோ" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி.

புதன்கிழமை முற்பகல் போன் அடித்தது. மேல் கட்டடத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் பெண். குரலில் அவசரம் பட்டறை வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"அக்கா, மிஷின் பேய் பிடிச்ச மாதிரி பின்னாடி சுத்துது! நூல் நூலா அறுக்குது! நாளன்னிக்கு அம்பது உருப்படி கொடுக்கணும். டவுன் மெக்கானிக்கு அடுத்த வாரம்தான் வருவேங்கறான்."

"பெல்ட்டு புதுசா மாட்டினீங்களா?"

"ஆமாக்கா. நேத்து அறுந்துபோச்சு. எங்க வீட்டுக்காரர்தான் மாட்டினார்."

"உங்க வீட்டுக்காரருக்குக் கை ரெண்டும் எதுக்கு இருக்கு, அழகுக்கா? குறுக்க மாட்டியிருப்பார். எட்டு மாதிரி இருக்கும் பாரு. கழட்டி நேரா போடு, சரியாப் போயிரும். குறுக்க மாட்டினா எதிர்ப்பக்கம்..."

அத்தை நிறுத்தினாள். போன் காதிலேயே இருந்தது. மறுமுனையில் "அக்கா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"...எதிர்ப்பக்கம் சுத்தும்டி" என்று மெதுவாக முடித்தாள். பிறகு, "வைக்கிறேன். உங்க வீட்டுக்காரர் நல்லா இருப்பார்" என்றாள்.

சுருட்டிக் கட்டிய பெல்ட்டுகளில் மிகத் தடித்ததைப் பிரித்தாள். குறுக்கே மாட்ட நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பழைய பெல்ட்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, முனையில் துளை போட்டு, கம்பிக் கொக்கியால் சேர்த்தாள். சின்னக் கப்பிக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே எட்டு மாதிரி குறுக்கே மாட்டினாள். மாட்டும்போது அவள் கை ஒரு முறை தயங்கியதைப் பார்த்தேன். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருப்பாள்!

மாமா வேலையிலிருந்து வந்ததும் செங்கல் மேல் நிறுத்தி ஓட்டினார்கள். பெரிய சக்கரம் அவளை விட்டு விலகி விலகிச் சுற்றியது.

"பாக்கவே கூசுதுங்க. சட்டைய உள்பக்கம் வெளிய போட்டுட்டு ஊர்வலம் போற மாதிரி இருக்கு."

"நீ சக்கரத்தப் பாக்காத. பாதையப் பாரு" என்று மாமா மிதிபலகையை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். குனிந்து பார்த்தார். "ஏம்மா, வழுக்கல!"

பெல்ட் வழுக்கவில்லை. என்ஜின்தான் குரல் தாழ்ந்து முக்கியது. அத்தை கிட்டே போய் விரலால் காற்றில் ஒரு வட்டம் வரைந்து பார்த்தாள். நேராக மாட்டியபோது பெல்ட் சின்னக் கப்பியைப் பாதிக்கும் குறைவாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. குறுக்கே மாட்டியதும் அதைச் சுற்றி வளைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. மெழுகு தேய்த்தும் இறுக்கியும் வராத பிடி, அந்த ஒரு திருப்பலில் வந்துவிட்டது.

இரண்டு பேரும் அப்படியே செங்கல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமாதான் முதலில் சிரித்தார். "உன் பழைய மெக்கானிக்கு உயிரோட இருந்தா சொல்லணும். நீ அன்னிக்கே சரியாத்தான் மாட்டியிருக்க, வண்டிதான் வந்து சேர இத்தனை வருஷம் ஆச்சுன்னு."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏற்றத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள். பெட்டியில் சாக்கு விரித்து இரண்டு தலைகள், ஒன்று வீட்டு மிஷின், ஒன்று தொழிற்சாலை மிஷின். செயலாளர் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கத் தயாராக நின்றார். அத்தை கீழே பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தாள், முழங்காலைத் தள்ளினாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி முன்னால் நகர்ந்தது. யாரோ கைதட்டினார்கள். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்றார் மாமா, தன் கைகளை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டு.

வளைவுக்கு வந்ததும் செயலாளர் கையைத் தூக்கினார். அத்தையின் தோள் கிழிந்த அதே வளைவு. வேண்டுமென்று தேர்ந்தெடுத்தாரா என்று தெரியாது, ஏற்றம் மிகச் செங்குத்தாக இருந்தது அங்கேதான். அத்தை மிதிபலகையை அழுத்தினாள். வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. பெட்டிக்குப் பின்னால் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாவது பாதத்தையும் பலகையில் வைத்தாள். நின்றது.

செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அத்தை இரண்டு பாதத்தாலும் அந்த ஏற்றத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை இறங்கியது.

"ம், போங்க."

வலது முழங்கால் வெளியே நகர்ந்தது. என்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. இன்னும் கத்தியது. தோல் சூடாகும் வாடை வந்தது. அத்தை பாதங்களைப் பலகையிலிருந்து எடுத்துவிடவில்லை. மிதி மிஷினில் தடித்த துணியின் மடிப்பு வரும்போது ஊசி உடையாமலிருக்கக் காலை எப்படிப் பதமாகத் தளர்த்துவாளோ அப்படி, இம்மி இம்மியாகத் தளர்த்தினாள். ஒரு இடத்தில் பெல்ட் பிடித்தது. வண்டி ஒரு விரல் ஏறியது, ஒரு கை ஏறியது, பிறகு வளைவைத் தாண்டி, செயலாளரைப் பின்னால் விட்டுவிட்டு, மேல் கட்டடத்து வாசலில் போய் நின்றது. அங்கே சீருடைக்காரப் பெண் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றிருந்தாள். மற்றவர்கள் கைதட்ட, அவள் நேராகப் பெட்டியை எட்டிப் பார்த்து, "இறங்கறப்ப எங்க வீட்டுத் தலையயும் எடுத்துட்டுப் போயிருங்கக்கா, ஷட்டில்ல சத்தம் வருது" என்றாள்.

இறக்கும்போதும் ஏற்றும்போதும் தூக்கிவிட ஒவ்வொரு வாசலிலும் ஆள் உண்டு. வாசலிலிருந்து பட்டறைக்குத்தான் இத்தனை நாள் ஆளில்லாமல் இருந்தது.

செயலாளர் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். "காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, மாலை மூணுலேருந்து அஞ்சு. மத்த நேரத்துல சத்தம் கூடாது. பிரேக்குக்கு இன்னொரு கட்டை போடுங்க. துணிக்கொடிகிட்ட வராதீங்க" என்றார். பிறகு, குறிப்பேட்டை மூடிவிட்டு, கொஞ்சம் குரல் தாழ்த்தி, "என் மனைவியோட மிஷின் ஒண்ணு, ரெண்டு வருஷமாக் கட்டிலுக்கடியில கிடக்கு" என்றார்.

திங்கட்கிழமை அத்தை மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். "நாற்காலிய வேற யாருக்காவது கொடுத்துருங்க. மிஷின் ஏதாவது மக்கர் பண்ணினா வாசல் கேட் வரைக்கும் அனுப்புங்க, அங்கேருந்து நான் கொண்டுபோய்க்கறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு, சுருட்டிக் கட்டியிருந்த பெல்ட்டுகளை மறுபடியும் ஆணிகளில் மாட்டினாள். அதற்கு அந்த நாள் முழுவதும் ஆனது, ஏனென்றால் நடுவில் மூன்று முறை மேலே போய்வர வேண்டியிருந்தது.

நான் தேர்வு எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது மேசையில் ஏழு தலைகள் கிடந்தன. குறுக்கே போகும் இடத்தில் பெல்ட் தன்னோடு தானே உரசித் தேய்கிறது. ஐந்து வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. எட்டின் நடுவில் ஒரு மரக்குச்சியை நிறுத்தி இரண்டையும் பிரித்துவிடலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறாள். பெல்ட்டைக் குறுக்கே மாட்டிவிட்டு வருகிறவர்களைத் திட்டுவதை மட்டும் விடவில்லை. போன வாரம் போனில் பேசியபோதுகூட ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண், "உங்க வண்டியில மட்டும் குறுக்கதானே இருக்குக்கா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"அது சட்டை தைக்குதா? ஏத்தம் ஏறுது. நீ ஏத்தம் ஏறப் போறியா?" என்றாள் அத்தை. "கொடு இங்க, நேரா மாட்டித் தரேன்."